நோடு பெட்டி வைத்த வீடு

எங்கள் தெருவின் டிவிக்கும் இன்டர்நெட்டுக்கும் உயிர்நாடி எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கேபிள்காரர் அங்கே ஓர் இரும்புப் பெட்டியை மாட்டி, எங்கள் வீட்டுக் கரண்டிலேயே அதை ஓடவிட்டிருந்தார். நோடு பெட்டி என்பார். அதிலிருந்துதான் எல்லா வீடுகளுக்கும் வயர் பிரிந்து போனது. இடமும் கரண்டும் கொடுத்ததற்காக எங்களுக்கு மட்டும் கனெக்‌ஷன் இலவசம். அம்மாவுக்கு அதில் ஏகப் பெருமை. மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்கோ அந்தப் பெட்டியின் மேலேயே கண். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவேன். உள்ளே பச்சை விளக்குகள் ஓயாமல் சிமிட்டிக்கொண்டிருக்கும். எது யார் வீட்டு விளக்கு, சீரியலில் சண்டை வந்தால் அது வேகமாகச் சிமிட்டுமா என்றெல்லாம் எனக்குச் சந்தேகம். தொட்டால் கையை உடைத்துவிடுவதாக நைனா சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் அத்தைக்கு, அதாவது நைனாவின் தங்கைக்கு, ஒரு வரன் அமைந்தது. உள்ளூர்ப் பையன்தான், எங்கள் செஞ்சியிலேயே. பூ வைத்து, வெற்றிலை பாக்கும் மாற்றியாகிவிட்டது. அப்புறம் அந்த வீட்டிலிருந்து பேச்சுமூச்சே இல்லை. ஒருநாள் நைனா வெளியே போய்விட்டு வந்து, "அவங்க வேற இடம் முடிச்சிட்டாங்களாம்" என்றார், ரேஷன் கடை இன்றைக்கு லீவு என்கிற மாதிரி. சொல்லிவிட்டு மோட்டார் போடக் கொல்லைக்குப் போய்விட்டார். நேரில் போய் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே, தங்கை என்றால் அவ்வளவுதானா என்று அத்தை அம்மாவிடம் சொல்லி அழுதாள். அன்றிலிருந்து அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். நைனா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். அத்தை என்னைக் கூப்பிட்டு, "உங்க நைனாவ சாப்ட வரச் சொல்லு" என்பாள். நானும் மெனக்கெட்டுத் திரும்பி நின்று அவரிடம் சொல்வேன்.

அந்தப் பையனுக்குத் திண்டிவனம் ரோட்டு மண்டபத்தில் கல்யாணம் வந்தது. எங்கள் ஊரில் வசதியான வீட்டு ரிசப்ஷனைக் கேபிள்காரர் லோக்கல் சேனலில் லைவாகப் போடுவார். மண்டபத்துக்குப் போகாதவர்களும் மேடையில் யார் என்ன புடவை, பந்தியில் என்ன ஸ்வீட் என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். அவன் ரிசப்ஷன் அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர், அவரவர் வீட்டில் டிவி இருக்க, எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். அத்தையின் முகத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு எங்கே தெரியும்? அத்தை எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

லைவ் தொடங்கும் நேரத்துக்குத் திரையில் சிக்னல் இல்லை என்று வந்தது. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, தெருவுக்கே போய்விட்டது. எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். நெட் இல்லாமல் எதிர்வீட்டு இன்ஜினியரிங் அண்ணன் வெளியே தலைகாட்ட, நீ எப்போது ஊருக்கு வந்தாய் என்று அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவரே அவனைக் கேட்டார்.

நைனா தெரு நடுவில் நின்று, போனில் ஸ்பீக்கரைப் போட்டுக் கேபிள்காரரைப் பிடிபிடியென்று பிடித்தார்.

"இன்னாய்யா லைன் வச்சிருக்கற? நல்ல நேரத்துல கட் ஆவுது!"

"ணா, நான் மண்டபத்துல லைவ்ல மாட்டிக்கினு இருக்கறேன். கொரங்கு வயர இழுத்திருக்கும். காலைல ஆள் அனுப்பறேன்."

கோட்டை மலைக் குரங்குகள் அப்படிச் செய்வது உண்டுதான். எல்லாரும் குரங்குகளைத் திட்டிக்கொண்டு கலைந்தார்கள். நைனாதான் எல்லாரையும்விட அதிகமாகத் திட்டினார்.

நான் நேராகப் பெட்டியிடம் போனேன். ஒரு விளக்குகூட எரியவில்லை. கரண்ட் கொடுக்கும் அடாப்டரையே காணோம். அது செருகியிருந்த ஸ்விட்ச் அணைக்கப்பட்டிருந்தது. குரங்கு வயரை இழுக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகுமா? யோசித்துக்கொண்டே நிமிர்ந்தால், வீட்டில் எப்போதும் பனியனோடு இருக்கும் நைனா, அன்றைக்குச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே நிற்கிறார். சட்டைப்பை புடைத்திருந்தது. அதிலிருந்து கறுப்பு வயர் ஒன்று தொங்கியது.

துப்புத் துலங்கிய சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்படிக்கு ஓடி அத்தையின் காதில் சொன்னேன். போய் ஒரு பிடி பிடிப்பாள் என்று பார்த்தேன். கரண்டியோடு அப்படியே நின்றாள். முதலில் சிரித்தாள்.

"எங்கண்ணனா? தெருவுக்கே நிறுத்திட்டாரா?" என்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அடுப்பில் தோசை தீய்ந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று வார்த்து, மேலே முட்டையை உடைத்து ஊற்றினாள். கூடத்தைப் பார்த்து, என்னைக் கூப்பிடாமல், "சாப்ட வாண்ணா" என்றாள். வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்பதுபோல நைனா திரும்பிப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். திருடனுக்கு முட்டை தோசை, கண்டுபிடித்த எனக்குச் சாதா தோசை. எனக்குக் கோபமாக வந்தது.

சாப்பிட்டதும் அத்தை என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்த் தன் போனைத் திறந்தாள். மண்டபத்திலிருந்த அவள் சிநேகிதி பொழுது சாயும்போதே ஆரம்பித்து போட்டோவாக அனுப்பித் தள்ளியிருந்தாள். கோட்டு சூட்டில் மாப்பிள்ளை, பக்கத்தில் பெண், சுற்றிலும் பூ. டிவி நிற்பதற்கு முன்பே அத்தை எல்லாவற்றையும் பார்த்து முடித்திருந்தாள். பெண்ணின் முகத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"நல்லாத்தான் இருக்கறா, இல்ல?" என்றாள்.

கீழேயிருந்து நைனா, "மேல இன்னா பண்றீங்க? லைன் காலைலதான் வருமாம்" என்றார்.

அத்தை போனை அணைத்தாள். "மெதுவா வரட்டும்ணா. டிவில அப்படி இன்னா இருக்குது?"

நீதான் பார்த்தாகிவிட்டதே, நைனாவிடம் சொன்னால் அடாப்டரைத் திரும்பச் செருகிவிடுவார், நான் கார்ட்டூன் பார்ப்பேன் என்றேன். சொன்னால் தோலை உரித்துவிடுவேன் என்றாள். அவர் ஒளித்து வைத்ததை இவள் பார்த்துவிட்டாள். பார்த்ததை இவள் ஒளிக்கிறாள். இதில் யாருக்கு என்ன லாபம் என்று முனகிக்கொண்டே படியிறங்கினேன்.

கடைசிப் படியில், பெட்டியின் பக்கம் யாரும் போய்விடாதபடி நைனா உட்கார்ந்திருந்தார். "வழி விடுண்ணா" என்ற அத்தை, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். பக்கத்திலேயே கைப்பிடிச் சுவர் இருக்க, இவள் எதற்கு அவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.