மேலுதட்டுக்குள் அறுந்த தையல்

2005 கோடை. என் முன்பல் ஒன்றில் ஈறு மேலே ஏறிப்போய் வேர் வெளியே தெரிந்தது. தண்ணீர் பட்டாலே கூசும். அப்போது நான் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. பாண்டிச்சேரியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன்.

என்னைப் பார்த்தவர் மேற்படிப்பு படிக்கும் இளம் டாக்டரம்மா. "அண்ணத்துலருந்து சதை எடுத்து ஒட்டினா அங்கயும் புண்ணாவும்ணா. அதுக்குப் பதிலா இத வெக்கலாம்" என்று நனைந்த காகிதம் போன்ற ஒரு வெள்ளைத் துண்டைக் காட்டினார். மீன் தோலிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்ததாம். ஈறுக்கு அடியில் வைத்துத் தைத்தால், நம் சதை அதைப் பிடித்துக்கொண்டு வளரும். பிறகு அது தானே கரைந்துவிடும். பரீட்சைக்கு அவர் காட்டப்போகும் கேஸ் நான்தான் என்றும் சொன்னார்.

தைத்து முடித்ததும், "ரெண்டு வாரம் உதட்ட இழுக்கக் கூடாது, சத்தமா பேசக் கூடாது. சரியாண்ணா?" என்றார்.

அளத்தில் கையைக் காட்டியே வேலை வாங்கினேன். உப்பு வாரும் பெண்கள் சிரித்தார்கள்.

முதல் வாரம் முடியுமுன் ஒரு மத்தியானம் திடீரென்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. வாரிக் குவித்த உப்பு திறந்து கிடந்தது. ஆட்கள் தூரத்துப் பாத்தியில் குனிந்திருந்தார்கள். தோளில் கிடந்த துண்டை வீசிப் பார்த்தேன், யாரும் நிமிரவில்லை. "ஏம்பா, தார்ப்பாய எடுத்தாங்கடா" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். உப்பை மூடிவிட்டோம். வாயெல்லாம் ரத்தம்.

மறுநாள் கல்லூரியில் டாக்டரம்மாவின் பேராசிரியர் என் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். தையல் ஒன்று அறுந்து, உள்ளே வைத்த மீன் தோலின் ஓரம் வெளியே தெரிந்தது.

"லூசா தெச்சிருக்க" என்றார் அந்தப் பெண்ணிடம், மற்ற மாணவர்களின் முன்னால்.

"அவங்க மேல தப்பு இல்லீங்க சார். மழை வந்துச்சு, நான்தான் கத்திட்டேன்."

"நீங்க பேசாம இருங்க."

அவர் போன பிறகு டாக்டரம்மா கேட்டது ஒன்றுதான். "உப்பு தப்பிச்சுதாண்ணா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

புண் ஆறியது, ஈறு பாதி வேரைத்தான் மூடியது. பரீட்சைக்கு அவர் வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று. நான் அளத்தில் ஒவ்வொருவர் வாயாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் என் மச்சானுக்கே அதே மாதிரி ஈறு ஏறியிருந்தது. கெஞ்சிக் கூட்டிப்போனேன். தைத்த பிறகு இரண்டு வாரம் அவனை அளத்துப் பக்கமே விடவில்லை.

அவனுக்கு ஈறு அழகாக மூடியது. பேராசிரியர் பார்த்துவிட்டு, "இப்பதான் தைக்கக் கத்துக்கிட்ட" என்றார்.

"தேங்க்ஸ் சார்" என்றார் டாக்டரம்மா. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.