பர்மாக்காரன் விட்ட கெண்டை

பனைமரத்தைக் குடைந்து இந்தக் கண்மாயில் முதல் வள்ளம் விட்டவன் நான். நிறைந்த தண்ணீர் வழிந்து போகிற கலுங்கில், மீன் எதிர்த்து ஏறுகிற இடம் பார்த்து மூங்கில் பறி வைத்துக் காட்டியவன் நான். ரங்கூனில் குண்டு விழுந்த வருசம் உடுத்த வேட்டியோடு கிளம்பி, அரக்கான் மலையைப் பெண்டாட்டியோடு நடந்தே கடந்து வந்தவனுக்கு இன்றைக்கு மண்சுவர் வைத்த வீடு இருக்கிறது, ஆடு இருக்கிறது, வலை இருக்கிறது. எல்லாம் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட இந்தக் கை கட்டியது. எழுத்து கோணலாக இருக்கும், விசயம் நேராக இருக்கும். பர்மாவிலிருந்து வந்து எங்கெங்கோ கால் ஊன்றத் தவிக்கிற நம் சனங்களும், நரிக்குடிப் பக்கத்து என் ஊர்க்காரர்களும் இதைப் படிக்க வேண்டும்.

இங்கே வந்த புதிதில் எனக்கு விளங்காத ஒன்று, மீனுக்கு நாள் பார்ப்பது. வந்த மூன்றாம் நாள் காலையில் இரவல் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினேன். கண்மாய்க்குக் காவல் பார்க்கிற சோணை குறுக்கே வந்து நின்றான்.

"எங்கெ கெளம்பிட்டீக?"

"மீன் பிடிக்கத்தான்."

"மீனுக்கு இன்னும் நாளு வரலையே."

"மீனுக்கு என்னப்பா நாளு, கல்யாணமா?"

"கல்யாணந்தேன். ஊரே வரும். பங்குனி வரைக்கும் பொறுங்க. அதுவரைக்கும் தூண்டில் போட்டுக்கங்க, வீட்டுக் கொழம்புக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வயதில் அப்பன் கையைப் பிடித்துக் கப்பலேறியவன் நான். வளர்ந்ததெல்லாம் ஐராவதி ஆற்றுப் பக்கத்து ஏரிக்கரையில். அந்த ஏரிகளை அங்கே 'இன்' என்பார்கள். வாசலில் காலை நீட்டினால் தண்ணீர், கையை விட்டால் மீன். பிடித்தது போக மிஞ்சியதை உப்புப் போட்டு இடித்து 'ஙாப்பி' ஆக்குவார்கள். அந்த நாற்றம் இல்லாமல் சோறு இறங்காது. அப்படிப்பட்டவனிடம் வந்து மீனுக்கு நாள் இருக்கிறது என்றால்?

ஒரு வருசம் இருந்து பார்த்த பிறகுதான் புரிந்தது, இந்தக் காட்டில் தண்ணீருக்கே நாள் கணக்குத்தான் என்று. ஐப்பசியில் மழை இறங்கி, குண்டாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்தால் கண்மாய் பெருகும், மீனும் கூடவே வரும். மார்கழி வரை கொக்கும் நாரையும்தான் மீன் பிடிக்கும். தையில் தூண்டில். அப்போதுதான் என் பனை வள்ளத்தை இறக்கினேன். கரை முழுக்கக் கூட்டம். "ஏலே, கப்பலு எப்பக் கெளம்புது? ரங்கூனுக்கு ஒரு ஆளு ஏத்துவீகளா?" என்று கேலி. முதல் விராலைத் தூக்கிக் காட்டினேன், கேலி பேசினவனே ஏறி உட்கார இடம் கேட்டான். பங்குனியில் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் ஊர் அம்பலம், அதாவது ஊருக்குப் பெரியவர், கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான். சுற்றுப்பட்டுச் சனம் முழுக்க வலையோடும், சேலையோடும், அடியில்லாத கூடை மாதிரி இருக்கிற ஊத்தாவோடும் உள்ளே இறங்கும். அன்றைக்குக் குழம்பு மணக்காத வீடு கிடையாது. சித்திரையில் கண்மாய் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். வைகாசியில் கடப்பாரை கொண்டுபோய், ஈரச் சேற்றுக்குள் உயிரைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிற விராலைத் தோண்டி எடுப்பார்கள். மீனை மண் தோண்டி எடுக்கிற ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த முதல் பங்குனியில் நானும் இறங்கினேன். வெயில் உச்சிக்கு வருவதற்குள் விரல் நீளக் கெண்டை கூட மிச்சமில்லை. விரால் சேற்றில் பிழைக்கும், கெண்டை பிழைக்காது. இனி ஆறு கொண்டுவந்தால்தான் கெண்டை. ஆறு வராவிட்டால்? யாரைக் கேட்டாலும், "கருப்பன் குடுப்பான்" என்று கரைமேல் இருக்கிற சாமியைக் காட்டினார்கள்.

பர்மாவில் கோடையில், தண்ணிப் பண்டிகைக்கு முன்னால், வற்றுகிற குட்டைகளில் துடிக்கிற மீனைப் பானையில் அள்ளி, பானைக்குப் பூச்சூட்டி, மேளம் கொட்டி ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் பெரிய ஏரியில் விடுவார்கள். புண்ணியம் என்று செய்வது. அங்கே இருந்தவரைக்கும், குழம்புக்கு ஆக வேண்டியதைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்களே என்று நினைத்திருக்கிறேன். மறு வருசப் பங்குனியில், துண்டு வீசுவதற்கு முன்னால், அதையேதான் நான் செய்தேன். கரைக்குக் கீழே அம்பலத்தின் பாழுங்கிணறு ஒன்றில் ஊற்று இருந்தது. ஆடு கூட நிழலுக்கு ஒதுங்கிவிட்ட உச்சி வெயிலில், சினைக்கு ஆகிற கெண்டையாகப் பார்த்துப் பானையில் அள்ளிச் சுமந்தேன். மூன்றாவது பானையில் சோணை பிடித்துவிட்டான்.

"பானையில என்ன?"

"கெண்டை."

"எங்கெ கொண்டு போறீக?"

"கெணத்துல விட."

"திருடுறவன் வீட்டுக்குக் கொண்டு போவான். நீங்க என்ன கெணத்துக்கு?" அவனுக்கே குழப்பம்தான். ஆனாலும் ஊரைக் கூட்டிவிட்டான்.

கூட்டத்தில் பூப்பானை, மேளம், ஊர்வலம் எல்லாம் சொன்னேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "மீனுக்கு மாலை போட்டானுகளாம். மாப்பிள்ளை விராலா, கெளுத்தியா?" என்றான் ஒருவன். ஆனால் கண்மாய் விசயத்தில் இந்த ஊர் விளையாடாது. துண்டு வீசுமுன் கை வைத்தவனுக்கு ஊரில் இடம் கிடையாது. நாங்கள் குடிசை போட்டிருந்ததோ ஊர் விட்டுக்கொடுத்த இடம். என் பெண்டாட்டி அங்கம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்று ஒரே ஒரு சொல் சொன்னாள்: "மறுபடி நடக்க என்னால ஏலாதுங்க." சிரித்தவர்கள் அடங்கிப் போனார்கள்.

அம்பலம் என் பக்கம் திரும்பினார். "விட்ட மீனு கெணத்துலயே கெடக்கட்டும். மழை வந்ததும் கண்மாய்க்கு வரணும். நடுவுல ஒண்ணை நீங்க தின்னதாத் தெரிஞ்சாலும் குடிசையப் பிரிச்சிர வேண்டியதுதேன்" என்றார்.

அந்தக் கோடையை நாங்கள் இருந்த மாதிரி யாரும் இருந்திருக்க மாட்டார்கள். கிணற்று வாய்க்குப் பனையோலையில் பந்தல் போட்டேன். கரையான் புற்றை வெட்டி வந்து மீனுக்குப் போட்டேன். தண்ணீர் இறங்க இறங்க உள்ளே இறங்கி ஊற்றுக்கண்ணைத் தோண்டினேன். எங்களுக்கு ஒரு வேளை கம்பங்கூழ், அதுவும் பாதி நாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஊற்றியது. அந்தக் கையை நான் மறந்தால் எனக்கு நல்ல சாவு வராது. அங்கம்மா கிணற்றை எட்டிப் பார்த்துச் சொல்லுவாள், "இதுக நம்மளவிட நல்லாத் திங்குது. அடுத்த பிறவியில கெண்டையாப் பொறக்கணும்." செத்து மிதந்த மீனைக்கூடச் சோணையிடம் காட்டிவிட்டுத்தான் புதைத்தேன். "குடுங்கண்ணே, நானாவது சுட்டுத் திங்கிறேன்" என்பான். கொடுக்கவில்லை.

ஐப்பசியில் வானம் கொட்டியது. ஆனால் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. கால்வாய் நனைந்ததோடு சரி. கண்மாயில் நிறைந்தது முழுக்க மேல்காட்டு மழைத்தண்ணீர், கெண்டை இல்லாத தண்ணீர். கிணற்றுக் கெண்டையைப் பானைகளில் அள்ளிக் கண்மாய்க்குக் கொண்டுபோனோம். அங்கம்மா பானை வாயில் ஆவாரம்பூக் கொத்து ஒன்றைச் செருகினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அம்பலம் தாமே தண்ணீருக்குள் இறங்கி வந்து, ஒரு பானையைத் தம் கையால் சாய்த்தார். வாலடித்துக்கொண்டு கெண்டை போனது. அவர் அங்கம்மாவைத் திரும்பிப் பார்த்து, "நீ இனி எங்கேயும் நடக்க வேணாந்தாயி" என்றார்.

அடுத்த பங்குனியில் துண்டு வீசினபோது ஊத்தா போட்ட இடமெல்லாம் கெண்டை. திருச்சுழியிலிருந்து வந்தவர்கள் மடி கொள்ளாமல் வேட்டியை அவிழ்த்து மூட்டை கட்டினார்கள். அன்று முதல் வருசா வருசம் கிணற்றுக்குக் கெண்டை எடுத்துவிட்டுத்தான் துண்டு வீசுகிறார்கள். எனக்கு வீடு கட்ட மண்ணும் மரமும் ஊரே கொடுத்தது. அந்த நன்றி எனக்கு உண்டு. பர்மாவில் பிழைத்த காலமெல்லாம் என்னைக் 'கலா' என்றார்கள், வெளியாள் என்று அர்த்தம். இங்கே வந்தால் பர்மாக்காரன். அதற்காக எத்தனையோ பேரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

இப்போது ஒரே ஒரு குறை. அம்பலம் காலமாகிவிட்டார். வெளியூர்க்காரர்கள் கெண்டை எப்படி வந்தது என்று கேட்டால், கருப்பன் கொடுத்தது என்கிறீர்கள். மழையோடு வானத்திலிருந்து விழுந்தது என்று சோணை கூசாமல் சொல்கிறான், கூடவே இருந்து பார்த்தவன். ஊரே, மழையைக் கருப்பன் கொடுத்தான், அதை நான் மறுக்கவில்லை. கெண்டையைக் கொடுத்தவன் நான். வருகிற பங்குனியில் கருப்பனுக்குத் தேங்காய் உடைத்த கையோடு, துண்டு வீசுவதற்கு முன்னால், என் பேரையும் ஒரு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டும். பேர் மாடசாமி. அது வாயில் வரவில்லையென்றால் பர்மாக்காரன் என்றே சொல்லுங்கள். அன்றைக்கு மட்டும் நான் சண்டைக்கு வர மாட்டேன்.