சீவலப்பேரி அனுப்பிய பதில்

எங்கள் இணைய நிறுவனத்தில், தகவல்களை வழி பார்த்து அனுப்பும் ஒவ்வொரு ஊர் ரவுட்டரும் தன் பெயரையும் இணைப்புகளையும் மற்ற ரவுட்டர்களுக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். அவற்றை வைத்து ஒவ்வொன்றும் தனக்குள் முழு வரைபடத்தை வரைந்துகொள்ளும். பிறகு அதே அறிவிப்பில் ஊருக்கு ஓர் எண்ணையும் சேர்த்தோம். தகவலின் தலையில் எண்களை வரிசையாக எழுதிவிட்டால், அது அந்தந்த ஊர் வழியாகவே போகும். அறிவிப்பு நின்றுபோன ரவுட்டரை மற்றவை சீக்கிரமே மறந்துவிடும்.

ஆற்று வெள்ளம் புகுந்த சீவலப்பேரி அறையை மூடி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம், திருநெல்வேலி அலுவலகத் திரையில் சீவலப்பேரி உயிரோடு இருந்தது. எரிச்சலோடு லைன்மேனை அங்கே அனுப்பினேன்.

"அண்ணாச்சி, ரூமுக்குள்ளதான் நிக்கேன். ரவுட்டர் மாட்டுற ரேக்கு காலியா கெடக்கு. கரண்டே கெடயாது," என்றார் போனில்.

அவர் லைனில் இருக்கும்போதே, சீவலப்பேரி எண்ணை முதலிலும் எங்கள் எண்ணை அடுத்தும் எழுதி ஒரு சோதனைத் தகவல் அனுப்பினேன். போய்விட்டுத் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். மறுபடியும் வந்தது.

"அண்ணாச்சி, பூட்டிட்டு வந்துரட்டா?"

அப்போதுதான் வரைபடத்தில் அதன் இணைப்பைப் பார்த்தேன். அது கல்லிடைக்குறிச்சியில் போய் முடிந்தது. முந்தின நாள் அங்கே துணைக்கு ஒரு பழைய ரவுட்டரை மாட்டியவன் நான்தான். மேலே ஒட்டியிருந்த ‘சீவலப்பேரி’ என்ற பெயரை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தேன். உள்ளே இருந்த பெயரையும் எண்ணையும் அழிக்கவில்லை. வெள்ளம் புகுந்த அந்த அறையிலேயே இன்னும் இருப்பதாக, அது ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தது.