ஜீப்புக்கு நான் வைத்த பெயர்

விடுமுறை வேதாகமப் பள்ளியில் கடவுளின் நாற்பது பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பித்து ஒரு டிபன் பாக்ஸைப் பரிசாகப் பெற்ற கோடையில்தான் அப்பா பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். போடியிலிருந்து ஏலக்காட்டுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளில் சாமி பெயர் இல்லாத ஒன்றைப் பார்க்க முடியாது. முருகன் துணை, அல்லாஹ் போதுமானவன், இம்மானுவேல் என்று கண்ணாடியில் பாதியை மறைத்துக்கொண்டுதான் எல்லாரும் மலையேறுவார்கள். "நீதான் நாப்பது பேரு படிச்சவ. ஒண்ணு சொல்லு ஆத்தா" என்று அப்பா பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவுக்கு 'யெகோவாயீரே' மேல் ஆசை. தேவைகளைப் பார்த்துக்கொள்கிறவர் என்று பொருள். அது ஏற்கெனவே நாலு வண்டியில் இருந்தது. நாற்பதிலும் எனக்கு வீரமாகப் பட்டது ஒன்றுதான். ஸ்டிக்கர் கடைக்காரர் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு, சிவப்பு ரேடியத்தில் 'பட்சிக்கிற அக்கினி' என்று வெட்டி, இரண்டு பக்கமும் தீக்கொழுந்தும் ஒட்டிக்கொடுத்தார். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வாக்குக் கொடுத்துவிட்ட அப்பா அதையே கண்ணாடியில் ஒட்டினார்.

முதல் நாள் காலை நான் முன்சீட்டில் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். ஏலக்காட்டில் களையெடுக்கப் போகும் சிலமலை ஊர்ப் பெண்கள் வந்தார்கள். அவர்களைக் கூட்டிவரும் அக்கா கண்ணாடியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்படின்னா என்னா பாப்பா?" என்றார்.

"எரிச்சுத் திங்கிற நெருப்பு. எங்க சாமி பேரு" என்றேன்.

அவர் படியில் வைத்த காலை எடுத்துவிட்டார். "நாங்க வேற வண்டியில போறோம்ணே." மற்றவர்களும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க ஜீப் வாசலிலேயே நின்றது. வேறு கூட்டத்தாரும் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பா மண்ணெண்ணெயும் பிளேடுமாக உட்கார்ந்து எழுத்தையும் தீக்கொழுந்துகளையும் சுரண்டி எடுத்தார். அந்த இடத்தில் வெள்ளையில் 'நல்ல மேய்ப்பன்' வந்தது, பக்கத்தில் ஓர் ஆட்டுக்குட்டியும்.

"அந்த அக்காவுக்குப் பயந்து சாமி பேர அழிச்சிட்டீங்க!" என்று கத்தி அழுதேன்.

"இதுவும் சாமி பேருதான ஆத்தா? வண்டியில ஏறப்போறது அவுங்க" என்றார் அப்பா.

மறுநாள் அந்த அக்கா படித்துப் பார்த்துவிட்டு, ஆட்டுக்குட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். தொட்டுக் கும்பிடுவது எங்கள் சபையில் ஆகாது. அதைச் சொல்ல நான் வாயெடுத்ததும் அப்பா என் தொடையில் கிள்ளினார்.

மலைப் பாதையில் புல் கருகிக் கிடந்த ஒரு சரிவு வந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அந்த வருஷம் மாசியில் விறகுக்குப் போன அவருடைய மகள் அங்கேதான் காட்டுத்தீயில் மாட்டி இறந்திருந்தாள். வண்டியில் அது தெரியாதவள் நான் ஒருத்திதான். தெரியவந்தபோது நான் பள்ளிக்கூடமே முடித்திருந்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அன்று அந்தச் சரிவைக் கடக்கும்போது, கடவுளைப் போயும் போயும் ஆடு மேய்க்க விட்டுவிட்டார்களே என்று அந்த அக்காவைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன்.