சுவர் தாண்டிப் போன இரவல் புத்தகம்

ஐந்தாம் வகுப்போடு நின்றது என் படிப்பு. வாய்விட்டுச் சொல்லாமல் எனக்கு ஒரு வரியும் படிக்க வராது. அதனாலேயே டவுன் லைப்ரரிக்குள் போய் உட்கார வெட்கம்.

போன வருஷம் அங்கே பழைய புத்தகங்களைப் படம் பிடித்து, போனிலேயே இலவசமாக இரவல் கொடுக்க ஆரம்பித்தார்கள். கொழும்பிலிருந்து வந்த மகள் என்னைச் சேர்த்துவிட்டு, ஒரு கதைப் புத்தகமும் எடுத்துத் தந்தாள்.

"தவணை முடிஞ்சா அதுவா திரும்பிப் போயிரும்மா. ஒரு நேரத்துல ஒருத்தங்கதான் படிக்கலாம்."

எங்களைப் போலத் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் கதை அது. குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போக அவளுக்கு உத்தரவு வந்துவிட்டது. இங்கே புதைத்த பிள்ளையை விட்டுப் போக மனமில்லை. தலைமன்னாரில் கப்பல் நிற்கிறது. என் அக்காவும் அப்படித்தான் போனாள். பிறகு நான் அவளைப் பார்க்கவேயில்லை. இவள் ஏறினாளா? அது தெரிவதற்குள் புத்தகம் போய்விட்டது. மறுபடி கேட்டால், வேறொருவர் எடுத்திருக்கிறார் என்று வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பொழுது சாய, பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து மதினியின் குரல் கேட்டது. என் அண்ணன் சம்சாரம், எழுத்துத் தெரியாதவர்.

"என்னடி, நேத்திருந்து சத்தத்தையே காணோம்? அவ கப்பல் ஏறுனாளா இல்லையா?"

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. என் வீட்டுக்காரரோடு சண்டையைக்கூடக் குசுகுசுவென்றுதான் போட்டிருக்கிறேன். புத்தகம் வந்ததும் அந்த நினைப்பே போய்விட்டது.

"ஐயோ, நீங்க கேட்டீங்களா மதினி?"

"நான் மட்டுமா? அந்தப் பக்கத்துக் கங்காணி அண்ணன் ரேடியோவ நிப்பாட்டிட்டுல்ல கேட்டாரு!"

எனக்கு முகமெல்லாம் சுட்டது. "பொத்தகம் திரும்பிப் போயிருச்சு. யாரோ எடுத்துட்டாங்க."

மதினி போனோடு என் வாசலுக்கே வந்துவிட்டார்.

"அந்த யாரோ நாந்தான். ஒம் மக தவணைன்னு சொன்னதும் இந்தச் சுவரு வழியாத்தான் கேட்டுச்சு. நீ எழுத்துக்கூட்டுற வேகத்துக்கு எங்க முடியப் போகுதுன்னு, மகன்கிட்டச் சொல்லி எம் பேர அப்பவே போட்டு வச்சேன். இந்தா, படி."

படித்தேன். அவள் ஏறிவிட்டாள். ஒரு கைப்பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு ஏறினாள்.

சுவருக்கு மேலே கங்காணி அண்ணனின் செருமல். "தங்கச்சி, அந்த எடத்த இன்னொருக்கா படிம்மா."

மதினி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நல்லாச் சத்தமாப் படி. அவருக்குக் காது மந்தம்."