இரண்டு மருந்தும் ஒரு படச்சுருளும்

மகள் பிறந்து முப்பத்தொரு நாள் துடக்குக் கழியும்வரை கைபேசியில் அவளைப் படமெடுக்க மாமி விடவில்லை. "போனிலை எடுத்தால் உடனை வெளிநாடு முழுக்க அனுப்புவியள். கண்ணூறு பட்டிடும்" என்றார். நான் கம்பஸில் படித்த காலத்துப் பிலிம் கமராவுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. பன்னிரண்டாம் நாள் கணவர் கட்டாருக்குத் திரும்பிவிட்டார். அவர் மகளைத் தூக்கி வைத்திருந்த படங்கள் அந்த ஒரு சுருளில் மட்டுமே இருந்தன.

யன்னல் சாத்திய அறையில் வெளிச்சம் போதாமல், நானூறு வேகச் சுருளை ஆயிரத்து அறுநூறாகக் கணக்கிட்டு, தேவையான ஒளியில் கால்பங்கிலேயே எடுத்திருந்தேன். அந்தக் குறையைக் கழுவும் மருந்துதான் ஈடுசெய்ய வேண்டும். என்னிடம் இரண்டு இருந்தன. வைற்றமின் சி சேர்ந்த தூளில் கரைத்தது இருளில் உள்ளதையும் ஓரளவு மீட்டுத் தரும். ஆனால் பழசானால் நிறம் மாறாமலே செத்துப்போகும், சுருள் வெறுமையாக வரும். மற்றது கடுந்திரவம். வருடக்கணக்கில் கெடாது. ஆனால் இருளைக் கைவிட்டுவிடும், படமும் மணல்மணலாக இருக்கும்.

துடக்குக் கழிந்து சுருளைக் கழுவ எடுத்தபோது, தூளைக் கரைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"நீர் ஏன் உவ்வளவு யோசிக்கிறீர்? ஏதோ ஒண்டை ஊத்தும்" என்றார் கணவர், வீடியோ அழைப்பில்.

"படத்திலை நிக்கிறது நீங்கள்."

"அப்ப கொஞ்சம் வெள்ளையாக் கழுவும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெக்கைக்குப் பயந்து தூள் கரைசலைப் பிரிட்ஜில் வைத்திருந்தேன். மகள் தூங்கியதும் எடுத்துக் கோப்பையில் ஊற்றி, வெளிச்சம் பட்ட பிலிம் துண்டொன்றைப் போட்டேன். மருந்து உயிரோடிருந்தால் சில நிமிடங்களில் துண்டு கறுக்க வேண்டும். ஐந்து நிமிடமாகியும் சாம்பல் நிறம்தான்.

மாமி வாசலில் வந்து நின்றார். "குழந்தை எழும்பப்போகுது பிள்ளை. உந்த மருந்துகளை எடுத்து வை."

"ஓம் மாமி, முடிக்கிறன்."

கடுந்திரவத்தை அளந்து, தண்ணீரில் கலந்து, சுருளை முன்பே இருட்டில் ஏற்றி வைத்திருந்த டாங்கிக்குள் ஊற்றினேன்.

எல்லாம் முடிந்து கோப்பையைக் கழுவப் போனபோது அந்தத் துண்டு கரியாகக் கறுத்திருந்தது. மருந்து சாகவில்லை. பிரிட்ஜின் குளிரோடு சோதித்ததால் மெதுவாக வேலை செய்திருக்கிறது. வெக்கைக்கு மட்டுமே பயந்து பழகிய எனக்குக் குளிரும் கெடுக்கும் என்று தோன்றவேயில்லை.

காய்ந்த பிலிமைக் கைபேசியில் படமெடுத்து, கறுப்பை வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். மகளின் நெற்றியும் மூடிய கைகளும் அவளைத் தாங்கிய அவர் கையும் தெளிவாக இருந்தன. அவர் முகத்தில் ஒரு கன்னமும் கண்ணாடி விளிம்பும்தான். மிச்சம் இருட்டு. அவருக்கு அனுப்பினேன்.

"கையைப் பாத்தால் நான்தான்" என்று எழுதினார்.

தூள் மருந்து நல்லாயிருந்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.