பாய் பட்டறைக்கு எத்தனை புள்ளி?

சம்பளம், லீவு, போனஸ் எதுவும் இல்லாமல் ஊருக்கெல்லாம் வழி சொல்கிற உத்தியோகம் ஒன்று இருக்கிறது. அதில் நான் ஆறாம் நிலை. ஓட்டலில் கை கழுவிவிட்டு வெளியே வருவதற்குள் "இந்த இடம் எப்படி இருந்தது?" என்று உங்கள் போனும் கேட்கிறதா? நட்சத்திரம் போட்டுவிட்டு எத்தனை புள்ளி ஏறியது என்று பார்க்கிறீர்களா? அப்படியானால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே வியாதிக்காரர்கள்.

பதக்கம்

கான்வென்ட்டில் படித்தவர்களுக்கு ஒரு குறை உண்டு. நேராக உட்கார்ந்தால் ஒரு ரிப்பன், வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு பேட்ஜ் என்று பழக்கிவிடுவார்கள். (இரண்டாவது எனக்குக் கிடைத்ததில்லை.) கல்யாணமாகி பம்பாய் மாட்டுங்காவுக்கு வந்தபின் பேட்ஜ் குத்திவிட ஆளில்லை. சாம்பார் நன்றாக இருந்தால் வீட்டில் சத்தமே வராது. உப்புக் கூடினால்தான் வரும். அப்படியிருக்க ஒருநாள், போன் மேப்பில் பேர் தப்பாக இருந்த பூக்கடை ஒன்றைத் திருத்தினேன். திரையில் கலர் காகிதங்கள் பறந்தன. "அருமை!" என்றது போன். அந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொல்லி வெகு காலம் ஆகியிருந்தது. விழுந்துவிட்டேன்.

அப்புறம் மார்க்கெட்டுக்குப் போனால் காய் வாங்க மறப்பேன். கடை எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்க மறக்கமாட்டேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "நம்மாத்துக் காலிங் பெல் செத்துப் போய் எத்தனை நாளாச்சு? அதைத் திருத்தினா பாயிண்ட் கிடையாதா?"

பரிசு

ஆறாம் நிலை வந்ததும் தபாலில் ஒரு துணிப்பை வந்தது. மேல் பக்கம் மேப்பில் இடம் காட்டுகிற ஊசிக்குறி பெரிதாக, கீழே "வழிகாட்டி" என்று எழுத்து. பில்டிங்கில் நாலு பேர் பார்க்கட்டும் என்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்டில் தேவையில்லாமல் இறங்கி ஏறினேன். முதல் தடவை வெங்காயம் வாங்கின அன்றே பையின் காது பிய்ந்தது.

தைக்கத் தாராவிக்குக் கொண்டுபோனேன். தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே மூன்று சந்து திரும்பினால் நூர்ஜகானின் பட்டறை. கடையநல்லூர்க்காரி. தோல் பையும் ஸ்கூல் பையும் தைப்பது அவள் புருஷன் தொழில். அவர் தவறியபின் மிஷினில் அவளே உட்கார்ந்துவிட்டாள். என் பரிசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் வழி சொன்னதுக்கா மாமி இதைக் குடுத்தாஹ? ஒத்தத் தையலுல்லா போட்டிருக்கான்!"

பேர்

அவள் கஷ்டம் வேறு. புருஷன் இருந்தவரை, பை வாங்க வருகிற பார்ட்டிகளை ரோடுவரை போய்க் கூட்டிவருவார். இப்போது இவள் மிஷினை விட்டு எழுந்தால் வேலை நிற்கும். வருகிறவர்கள் முதல் சந்திலேயே தொலைவார்கள், அங்கே இருக்கிற பட்டறைக்காரன், "நூர்ஜகானா? ஊருக்குப் போயாச்சே" என்று தன் கடைக்குள் இழுத்துக்கொள்வான். ஸ்கூல் திறக்கிற சீசனும் இப்படியே போனால் பட்டறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான் என்றாள்.

ஆறாம் நிலைக்காரி சும்மா இருப்பேனா? மேப்பில் ஏற்றுகிறேன், 'நூர்ஜகான் பேக்ஸ்' என்று இங்கிலீஷில் போடுகிறேன் என்றேன். அவள் ஒப்பவில்லை. புருஷனை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்களாம். அவர் பேரில்தான் பட்டறை இருக்க வேண்டுமாம், அதுவும் தமிழில். 'பாய் பட்டறை' என்று போட்டேன். எனக்குப் பத்துப் புள்ளி. நாலாம் நாள் வடாலாவிலிருந்து ஒரு பார்ட்டி யாரையும் கேட்காமல் நேரே வாசலுக்கு வந்துவிட்டார். நூர்ஜகான் போனில் கத்தினாள்: "மாமி, அவுஹ போனுல அந்த நீலப் புள்ளி நம்ம நடையில வந்துல்லா நிக்கி!"

பாய்

மேப் தமிழைத் தானே மொழிபெயர்க்கும் என்பது எனக்குத் தெரியும். எப்படிப் பெயர்க்கும் என்பதுதான் தெரியாது. தமிழ் தெரியாதவர்களுக்கு அது காட்டியது 'மேட் வொர்க்‌ஷாப்'. பாய் முடைகிற இடம்! ஆங்கில எழுத்தில் திருத்தி அனுப்பினேன். பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னது. இன்றுவரை அதையே சொல்கிறது.

நான் அங்கே இருந்த ஒரு மத்தியானம் செம்பூரில் யோகா வகுப்பு நடத்தும் பையன் ஒருவன் வந்தான். தமிழ்ப் பையன்தான், பேசுவான், படிக்க வராது. வகுப்புக்குப் பாய் வேண்டுமாம். சுவரெல்லாம் ஸ்கூல் பை தொங்குவதைப் பார்த்து, பாய் வந்தால் சொல்லுங்கள் என்று கார்டைக் கொடுத்தான். போகிறபோது அவன் கேட்டதும் நூர்ஜகான் மிஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். "பாயே இல்லாம எதுக்கு ஆன்ட்டி பாய் பட்டறைன்னு பேரு?"

சிவப்பு எழுத்து

மறுவாரம் மேப்பில் பட்டறைக்குக் கீழே சிவப்பாக வந்தது: நிரந்தரமாக மூடப்பட்டது. பார்ட்டிகள் போன் செய்து, "மூடிட்டீங்களாமே" என்று துக்கம் விசாரித்தார்கள். பாதி வழி வந்தவர்கள் முதல் சந்தோடு நின்றார்கள். நூர்ஜகானை மிஷினில் உட்காரவைத்துப் படமெடுத்து அனுப்பினேன். "உங்கள் பங்களிப்புக்கு நன்றி. இந்தத் திருத்தம் ஏற்கப்படவில்லை" என்று பதில். இவ்வளவு பணிவாக என்னை யாரும் வெளியே தள்ளியதில்லை.

கடைக்குக் கீழே 'மூடியாச்சு' என்று கருத்து எழுதியவர் பேரைப் பார்த்தேன். யோகா பையன். எட்டாம் நிலை! கார்டிலிருந்த நம்பருக்கு அடித்து, கான்வென்ட் இங்கிலீஷ் மொத்தத்தையும் அவன் தலையில் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டான். யோகா அல்லவா. பிறகு சொன்னான்: "ஆன்ட்டி, பாய் கடைன்னு இருந்துச்சு, போனேன், பாய் இல்ல. இல்லாத கடையை ரிப்போர்ட் பண்ணா பாயிண்ட் வரும். நீங்க மட்டும் என்ன சேவைக்கா பண்றீங்க?"

போனை வைத்துவிட்டேன்.

புதுப் பேர்

கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. பழைய பேர் அந்த இடத்தில் மூடிப்போனது போனதுதான். புதுப் பேரில் புது இடமாக ஏற்றினால் மேப் எடுத்துக்கொள்ளும். ஸ்கூல் திறக்க நாளில்லை. அவர் பேரை எடுக்க வேண்டியிருக்கும் என்று அவளிடம் சொன்னேன். நூர்ஜகான் கையிலிருந்த பையின் தையலை முடித்தாள், நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மூடுனது அவுஹ கண்ணு மட்டுந்தான் மாமி, கடை இல்ல. என் பேரையே போடுங்க."

போட்டேன், கலர் காகிதம் பறந்தது, பத்துப் புள்ளியும் ஏறியது. வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க மட்டும் அந்த மேப்பில் எங்கேயும் வழியில்லை.